பாவசங்கீர்த்தனமும் ஒப்புரவும்: ஓர் ஓவியமும் மூன்று சொற்களும்

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டம், தமிழும் மலையாளமும் அருகருகே வழங்கும் எல்லைப் பகுதியாகும். பாலக்காட்டில் சீரோ மலபார் வழிபாட்டு முறையினருக்கு 1974இலும், கோயம்புத்தூர், கோழிக்கோடு மறைமாவட்டங்களினின்று பிரிக்கப்பட்ட பகுதிகளைக் கொண்டு இலத்தீன் முறையினருக்குச் சுல்தான்பேட்டையில் 2013இலும் மறைமாவட்டங்கள் அமைந்தன. குருவிடம் பாவத்தை அறிக்கையிடும் சடங்கைக் குறிக்க, மலையாளத்தின் கும்பசாரம், தமிழின் பழைய பாவசங்கீர்த்தனம், புதிய ஒப்புரவு என மூன்று சொற்கள் இப்பகுதி மொழிபெயர்ப்பாளர் முன் நிற்கின்றன. இவற்றுள் எதனைக் கொள்வது?

சொல் எதனைக் காட்டுகிறது, எதனை விடுகிறது என அறியச் சொல்லற்ற சான்றொன்று உதவும். பொலோனா நகரத்துப் பரோக் கால ஓவியர் ஜுசெப்பே மரியா கிரெஸ்பி (1665-1747), தேவாலயமொன்றில் பாவ அறிக்கைக் கூண்டின்மீது ஒளிக்கற்றை வீழ்ந்ததைக் கண்டு அதனை வரைந்தார் என்பர். பின்னர்க் கர்தினால் ஒத்தொபோனிக்காக 1712ஆம் ஆண்டளவில் ஏழு அருட்சாதனங்களையும் வரைந்து முடித்தார். அவை இன்று செருமனியின் டிரெஸ்டன் ஓவியக்கூடத்தில் உள்ளன. அவ்வோவியத்தில் ஆடம்பரமில்லை, எளிய மாந்தர், மங்கிய ஒளி, செவி சாய்க்கும் குரு, தாழ்ந்த குரல். சடங்கின் உயிர் அதன் அந்தரங்கமே எனக் காண்கிறோம்.

இனிச் சொற்களை நோக்குவோம். கும்பசாரம் போர்த்துக்கீசியக் 'கொன்பெசார்' என்பதன் திரிபு. அண்ட்ரிக் அடிகளார் 1580இல் கொச்சியில் அச்சிட்ட தமிழ் நூலும் 'கொம்பெசியோனாயரு' என்னும் கடன்சொல்லையே பெயராகக் கொண்டது. கடன்சொல் ஒலியைக் காத்தது. பொருளைக் கேட்போர் பயிற்சிக்கு விட்டது. பாவசங்கீர்த்தனம் சொல்லுதலாகிய செயலை முன்னிறுத்துகிறது. ஆயின் சங்கீர்த்தனம் என்பது உரக்கப் புகழ்ந்தோதுதலையும் குறிப்பதால், கிரெஸ்பி காட்டிய தாழ்குரலுக்கு அது முரணாகிறது. ஒப்புரவோ குறளின் 22ஆம் அதிகாரத்தில் உலகநடையறிந்து உதவுதலைக் குறித்த பழஞ்சொல். இன்று அது செயலை விடுத்து, உறவு புதுப்பித்தலாகிய பயனைச் சுட்டுகிறது.

அவஸ்தைபூசுதல் என்பதும் அத்தகையதே. சாகுந்தறுவாயில் இருப்போர்க்கு மட்டுமன்று இச்சடங்கு என இரண்டாம் வத்திக்கான் சங்கம் (1962-65) தெளிவுறுத்தியபின், 'நோயில்பூசுதல்' என்னும் பெயர் வழக்கிற்கு வந்தது. கிரெஸ்பியின் ஓவியத்தில் இருப்பவரோ உயிர்பிரியும் நிலையிலுள்ள துறவி.

எனவே இச்சொற்கள் ஒருபொருட் பன்மொழிகளல்ல. வெவ்வேறு காலத்துச் சமயப் புரிதல்கள். பதினெட்டாம் நூற்றாண்டு ஆவணத்தில் வரும் அவஸ்தைபூசுதலை நோயில்பூசுதல் எனத் திருத்துவோர், அந்நோயாளி சாகுந்தறுவாயில் இருந்தார் என்னும் செய்தியையே அழித்தவராவர். பழைய சொல்லைப் பனுவலில் நிறுத்திப் புதிய சொல்லை விளக்கத்தில் தருதலே மொழிபெயர்ப்பாளர்க்கு முறையாகும்.