தேய்ந்த வேலும் நட்ட கல்லும்

தருமபுரியிலிருந்து சேலம் போகும் நெடுஞ்சாலையில் முதலில் அதியமான்கோட்டை வரும். அதைத் தாண்டினால் நல்லம்பள்ளி. அங்கிருந்து தெற்கே போகப்போக நிலம் சரிந்து தொப்பூர் கணவாயில் இறங்குகிறது. மழையை நம்பிய மேட்டு நிலம் இது. கேழ்வரகும் சாமையும் புளியும் ஆடு மாடுகளும்தான் நெடுங்காலம் இங்கே வாழ்வாதாரம். மழை பொய்த்த ஆண்டுகளில் ஆட்கள் ஓசூருக்கும் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் கிளம்பினார்கள், இன்றும் கிளம்புகிறார்கள். அப்படிப் போனவர்களின் பிள்ளைகள் படித்துவிட்டு வேறு வேலைகளில் இருக்கிறார்கள். செய்கிற வேலையில் தனக்கு என்ன பொருள் இருக்கிறது, அதில் தான் தானாக இருக்க முடிகிறதா என்ற கேள்வி அந்தப் பிள்ளைகளையும் விடுவதில்லை. இந்தக் கேள்விக்கு இக்காலம் தரும் விடை ஒன்றுதான்: உன் மனதுக்குள் பார், எது பிடிக்கிறதோ அதைச் செய். இதே மண்ணில், பழைய தகடூர் நாட்டில், வேறொரு விடை பாட்டிலும் கல்லிலும் பதிவாகியிருக்கிறது. வேலையின் பொருள் செய்பவரின் நெஞ்சுக்குள் ஒளிந்திருப்பதாக அந்த விடை நினைக்கவில்லை. தேய்ந்த கருவியிலும், யாருக்காகச் செய்தோமோ அவர்கள் சொல்லும் சாட்சியிலும் அதைத் தேடியது. இன்றைய விடையைவிட அது உறுதியானது என்பது என் கருத்து.

தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியை நெல்லிக்கனி கொடுத்தவனாகவே நமக்குத் தெரியும். பாடநூல்கள் அந்த ஒரு காட்சியோடு நிறுத்திக்கொள்கின்றன. அவனுக்காக ஔவையார் தொண்டைமானிடம் தூது போன செய்தி புறநானூற்றின் 95ஆம் பாடலில் இருக்கிறது. தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைப் பெருமையோடு காட்டுகிறான். அங்குள்ள ஆயுதங்கள் மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசிக் காவலுள்ள மாளிகையில் பளபளக்கின்றன. ஔவை அவற்றைப் பழிக்கவில்லை. தன் தலைவனின் வேல்கள் எங்கே இருக்கின்றன என்று மட்டும் சொல்கிறார்: நுனி முறிந்து, கொல்லனின் சிறிய பட்டறையில் கிடக்கின்றன. இதை அரசியல் நையாண்டியாக மட்டுமே படித்துப் பழகிவிட்டோம். வேலை என்றால் என்ன என்பதற்கான இலக்கணமாகவும் இதைப் படிக்க முடியும். உழைத்த கருவியைப் பட்டறை காட்டிக்கொடுக்கும். உழைக்காத கருவியை நெய் காட்டிக்கொடுக்கும். பாட்டு இத்தோடு முடிவதுமில்லை. அந்த வேலுக்கு உரியவன் யார் என்று கடைசியில் வருகிறது. இருக்கும்போது சோறு கொடுப்பவன், இல்லாதபோது இருப்பதைக் கூடியிருந்து உண்பவன், வறியவர்களின் சுற்றத்துக்குத் தலைவன். முனை தேய்ந்ததற்குக் காரணம் அவனை நம்பியிருந்த அந்தப் பந்திதான். கருவியின் தேய்மானமும் அது யாருக்காகத் தேய்ந்தது என்பதும் ஒரே பாட்டில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன.

87ஆம் பாடல் இன்னும் வியப்பானது. பகைவரை எச்சரிக்கும் ஔவை, அஞ்சி எப்படிப்பட்டவன் என்று சொல்ல ஒரு தச்சனின் தொழிலை உவமையாக்குகிறார். நாள் ஒன்றுக்கு எட்டுத் தேர் செய்யும் திறமையான தச்சன், ஒரு மாதம் முழுக்க உழைத்து ஒற்றைத் தேர்ச்சக்கரம் செய்தால் அது எப்படி இருக்குமோ, அப்படிப்பட்டவன் அவன். மன்னனை அளக்க ஔவைக்குக் கிடைத்த அளவுகோல் ஒரு கைவினைஞனின் பொறுமை. வேகமாகச் செய்யத் தெரிந்தவன் மெதுவாகச் செய்யத் தீர்மானிக்கும் இடத்தில்தான் அருமை பிறக்கிறது என்று தகடூர் அவைக்குத் தெரிந்திருக்கிறது. அந்தத் தச்சனின் உள்ளக்கிளர்ச்சி பற்றி ஒரு சொல்லும் இல்லை. சக்கரம் எப்படி வந்திருக்கிறது என்பதுதான் பேச்சு.

பாட்டை விட்டுவிட்டுக் கல்லுக்கு வருவோம். தருமபுரி, கிருஷ்ணகிரி, செங்கம், ஊத்தங்கரைப் பகுதிகள் தமிழகத்தில் நடுகற்கள் மிகச் செறிந்து கிடைக்கும் நிலம். 1972இல் வெளிவந்த 'செங்கம் நடுகற்கள்' தொகுதியும் அதன் பின் வந்த தருமபுரிக் கல்வெட்டுத் தொகுப்பும் இந்தச் செல்வத்தை ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டன. பழைய கற்களில் வட்டெழுத்து. சிம்மவிஷ்ணு, மகேந்திரவர்மன் போன்ற பல்லவர்களின் ஆட்சியாண்டுகள், பின்னால் கங்கர், நுளம்பர் காலத்தவை. எழுத்தின் அமைப்பு பெரும்பாலும் ஒன்றே. முதலில் அரசனின் பெயரும் ஆட்சியாண்டும், அடுத்து அப்பகுதித் தலைவன், அவனிடம் பணி செய்த சேவகன் அல்லது இளமகனின் பெயர், அவன் செய்த செயல், இறுதியில் 'கல்' என்ற சொல். செயலைச் சொல்லத் திரும்பத் திரும்ப வரும் சொல் 'தொறு'. தொறு என்றால் மாட்டு மந்தை. மந்தையை மீட்டுப் பட்டான், மந்தையைக் கவர்ந்தபோது பட்டான் என்று கல் சுருக்கமாகச் சொல்லி முடித்துவிடும். இவற்றை வீரத்தின் அடையாளங்களாக மட்டும் பார்ப்பவர்கள் பாதியைத்தான் பார்க்கிறார்கள். மேட்டு நிலத்தில் மாடு இல்லையென்றால் உழவில்லை, பாலில்லை, எருவில்லை. மந்தை போனால் ஊரின் அடுத்த ஆண்டுச் சோறு போயிற்று. மந்தையைக் காத்தவன் காத்தது ஊரின் உயிர்மூச்சை. அது ஒரு வேலை. அந்த வேலையில் இறந்தவனுக்கு ஊர் கல் நட்டது. அவனுடைய குடும்பத்துக்கு 'நெய்த்தோர்ப்பட்டி' என்று குருதியின் பெயரால் நிலம் விடும் வழக்கமும் கல்வெட்டுகளில் உண்டு. பாராட்டோடு நின்றுவிடாமல், அவனை நம்பியிருந்தவர்களின் வயிற்றையும் ஊர் கணக்கில் எடுத்துக்கொண்டது.

தண்டராம்பட்டை அடுத்த எடுத்தனூர்க் கல்லை இங்கே குறிப்பிடாமல் போக முடியாது. மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. கருந்தேவக்கத்தி என்பவன் திருடர்களை எதிர்த்து இறந்திருக்கிறான். கல்லில் அவனுக்குப் பின்னால் ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. நாயின் பெயர் கோவிவன். இரண்டு திருடர்களைக் கடித்துத் தன் தலைவனுக்குக் காவலாக நின்றது என்று எழுத்து சொல்கிறது. காவல் அந்த நாயின் வேலை. வேலையைச் செய்தது என்பதற்காக ஒரு நாயின் பெயரைக் கல்லில் வெட்டிய மக்கள், பிறப்பையோ பதவியையோ பார்த்துக் கல் நட்டிருக்க முடியாது. செயலைப் பார்த்தே நட்டார்கள்.

இக்கற்கள் பல இன்றும் வழிபாட்டில் உள்ளன. இப்பகுதியில் வேடியப்பன் கோயில் என்று சொல்லப்படும் இடங்களில் பெரும்பாலும் இருப்பது வில்லோ வாளோ ஏந்திய ஒரு பழைய நடுகல். வேடியப்பன் என்று பிள்ளைகளுக்குப் பெயர் வைப்பதும் இங்கே சகஜம். அஞ்சி இறந்த பிறகு ஔவை பாடிய 232ஆம் புறப்பாட்டிலும் இதே சடங்கு இருக்கிறது: கல்லுக்குப் பீலி சூட்டிச் சிறு கலத்தில் கள் வார்க்கிறார்கள். நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன் இந்தச் சிறு கலத்தை ஏற்பானா என்று அவர் கலங்குகிறார். ஏறக்குறைய 2,000 ஆண்டுகளாக இம்மண்ணில் ஒருவரின் உழைப்புக்கு மதிப்பெண் போட்டவர்கள் பக்கத்தில் வாழ்ந்தவர்கள்தான். ஐரோப்பாவில் கதை வேறு விதமாகப் போயிற்று. மாக்ஸ் வேபர் 1904, 1905இல் எழுதிய புகழ்பெற்ற ஆய்வின்படி, சீர்திருத்தக் கிறித்தவத்துக்குப் பின் தொழில் என்பது கடவுள் தனியொருவரை நோக்கி விடுக்கும் அழைப்பாக ஆயிற்று. அந்த அழைப்பு சரியாகக் கேட்கிறதா என்று ஒவ்வொருவரும் தன் நெஞ்சையே சோதிக்க வேண்டியிருந்தது. கடவுள் மெல்ல விலகிய பிறகும் நெஞ்சைச் சோதிக்கும் பழக்கம் மட்டும் தங்கிவிட்டது. 'உனக்குப் பிடித்ததைக் கண்டுபிடி' என்ற இன்றைய அறிவுரை அதன் பேரப்பிள்ளை. அதற்கும் ஒரு பிறந்த ஊரும் காலமும் உண்டு என்று தெரிந்துகொண்டால், அது மாறாத உண்மை என்ற பிரமை நீங்கும்.

இதற்கு எழும் முதல் மறுப்பு, நடுகற்கள் ஆள்வோரின் ஏற்பாடு என்பது. ஏழைச் சேவகனைச் சாகத் தூண்டிவிட்டு, செத்த பிறகு ஒரு கல்லை நட்டு அடுத்தவனையும் தூண்டினார்கள் என்று சொல்வார்கள். இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆநிரை கவர்தல் போரின் தொடக்கமாகத் தொல்காப்பியத்திலேயே வகுக்கப்பட்டிருக்கிறது. சிற்றரசர்களின் பகையில் செத்தவர்கள் மாடு மேய்த்தவர்களும் அடியாட்களும்தான். ஆனாலும் கல்லின் எழுத்தில் அரசன் எதற்காக இருக்கிறான் என்று கவனிக்க வேண்டும். நாள் குறிக்கத்தான் அவன் பெயர் பயன்படுகிறது. செதுக்கிய உருவம் அவனுடையதல்ல, செயலும் அவனுடையதல்ல. பல்லவப் பேரரசர் ஒருவரின் பெயர் இங்கே நாட்காட்டியாகி, பெயர் தெரியாமல் போயிருக்க வேண்டிய ஒரு சேவகன் வரலாறாகிறான்.

இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது. மந்தையை மீட்டவனுக்கு மட்டுமல்ல, அடுத்த ஊர் மந்தையைக் கொள்ளையிடப் போய்ச் செத்தவனுக்கும் அவன் ஊரார் கல் நட்டிருக்கிறார்கள். நம்மவர்களின் சாட்சியே போதும் என்றால் திருட்டும் புனிதமாகிவிடுமே? ஆகத்தான் செய்யும். சாட்சி மட்டும் போதாது என்பதை இக்கற்களே மெய்ப்பிக்கின்றன. அவற்றிடம் ஒரு நேர்மை இருக்கிறது: கவர்ந்தான் என்றால் கவர்ந்தான் என்றே எழுதினார்கள், மீட்டான் என்றால் மீட்டான் என்று. செயலுக்கு வேறு பெயர் சூட்டி மறைக்கவில்லை. அதனால்தான் 1,400 ஆண்டுகள் கழித்து நாம் அவனை நம் அறத்தின்படி எடைபோட முடிகிறது. தான் செய்யும் வேலையை ஒரே வரியில், மழுப்பாமல், பாதிக்கப்படுபவரும் புரிந்துகொள்ளும்படி சொல்ல முடியுமா என்று ஒருவர் தன்னைக் கேட்டுக்கொள்ளட்டும். மெய்யான உழைப்புக்கு இதைவிடக் கடுமையான சோதனை எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது மறுப்பைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். பிறப்பால் தொழில் விதிக்கப்பட்ட சமூகத்தில் 'ஊர் தரும் பொருள்' என்பது விலங்குதான். அதை அறுத்துக்கொண்டுதான் நல்லம்பள்ளியைச் சுற்றியுள்ள ஊர்களின் பிள்ளைகள் பஸ் ஏறினார்கள். அவர்களிடம் போய்ப் பழைய ஊரின் சாட்சியைத் தேடச் சொல்வது அநியாயம். இதை முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். எந்தத் தொழிலைச் செய்வது என்று தானே தீர்மானிக்கும் உரிமை போராடிப் பெற்றது. அதை ஒரு கல்லுக்காகவும் விட்டுக்கொடுக்கக் கூடாது. பெண்களின் உழைப்புக்கு இக்கற்களில் அநேகமாக இடமே இல்லை என்பதையும், மந்தையை ஆயுள் முழுக்க மேய்த்து வயதாகிச் செத்தவனுக்குக் கல் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் தேர்ந்தெடுக்கும் உரிமை வாசல் மட்டுமே. உள்ளே போன பிறகு பத்தாம் ஆண்டிலும் இருபதாம் ஆண்டிலும் தாங்கிப் பிடிப்பது வேறொன்று. பிடித்த வேலையும் சில நாள் கசக்கும். மனநிலையை அளவுகோலாக வைத்தவர் அன்றைக்கு எல்லாம் பொய்யென்று முடிவுகட்டிவிடுவார். கருவியையும் பயனாளியையும் அளவுகோலாக வைத்தவருக்கு அந்தக் கசப்பு ஒரு மோசமான நாள், அவ்வளவுதான்.

இன்றைய உழைப்பின் பெரிய குறை பிடிக்காத வேலை என்பதைவிட, சாட்சி இல்லாத வேலை என்பதே. பெங்களூரின் அடுக்குமாடிகளில் இம்மாவட்டத்துக் கொத்தனார்களும் சித்தாள்களும் சுமந்த செங்கல் இருக்கிறது. குடிபுகுந்தவர்களுக்கு அவர்களின் முகம் தெரியாது, கட்டியவர்களுக்குக் குடிபுகுந்தவர்களைத் தெரியாது. தொப்பூர் கணவாயின் இறக்கத்தில் இரவெல்லாம் லாரிகள் இறங்குகின்றன. விபத்துகளுக்குப் பேர்போன சாலை அது. ஊருக்குச் சோறு கொண்டுவரும் வழியில் இறந்தவனுக்குக் கல் நட்ட நிலத்தில், சரக்கோடு கவிழ்ந்து இறக்கும் ஓட்டுநருக்கு மறுநாள் செய்தித்தாளில் வண்டியின் எண்ணும் போக்குவரத்து எத்தனை மணி நேரம் தடைபட்டது என்ற கணக்கும் கிடைக்கின்றன. அவர் என்ன கொண்டுவந்தார், யாருக்காகக் கொண்டுவந்தார் என்பது பதிவாவதில்லை. உழைப்பில் பொருள் இல்லையென்று இளைஞர்கள் சொல்லும்போது அவர்களின் மனதைப் பழுதுபார்க்க முனைகிறோம். உழைத்தவரின் பெயரைப் பயனாளிக்குத் தெரியப்படுத்த நாம் எதுவும் செய்வதில்லை.

தருமபுரிப் பக்கத்துக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். வயல் வரப்பிலோ ஏரிக்கரையிலோ வேடியப்பன் கோயிலிலோ பழைய உருவக்கல்லைப் பார்த்தால் அதன்மேல் சுண்ணாம்போ பெயின்டோ அடிக்காதீர்கள், வட்டெழுத்து அழிந்துவிடும். துவைக்கும் கல்லாகவோ வாய்க்கால் பாலமாகவோ கிடந்தால் புரட்டிப் பாருங்கள். எழுத்து தெரிந்தால் படம் எடுத்துத் தருமபுரியில் உள்ள தொல்லியல் துறை அகழ்வைப்பகத்தில் காட்டுங்கள். அதில் ஒருவரின் பெயரும் அவர் செய்த வேலையும் இருக்கும்.