குப்பையில் பிறந்த வெளிச்சம்

லண்டன் மாநகரின் கிழக்குப் புறத்தில், மேஜை நாற்காலி செய்யும் தச்சர்களும் அவர்களை அண்டிப் பிழைத்த ஏழை ஜனங்களும் நெருங்கி வாழ்ந்த ஷோர்டிச் வட்டாரத்தின் ஸ்தல சபையார், வீடுதோறும் சேரும் குப்பையை எங்கே கொட்டுவது என்ற சங்கடத்தையும், தெருக்களுக்கு மின்சார விளக்கு வேண்டுமென்ற ஆசையையும் ஒரே அடுப்பில் ஏற்றத் துணிந்தனர்.

குப்பையை எரிக்கும் உலை அவர்களுடைய சிருஷ்டியன்று. ஆல்பிரட் பிரையர் என்பவரின் யோசனைப்படி மான்லவ் அல்லியாட் கம்பெனியார் 1874-லேயே நாட்டிங்ஹாம் நகரில் அதை நிர்மாணித்திருந்தனர். ஆனால் அவ்வுஷ்ணத்தைக் கொண்டு கொதிகலனில் நீராவி எழுப்பி, அந்நீராவியால் மின்சார யந்திரங்களைச் சுழற்றி, மிஞ்சிய வெப்பத்தையும் வீணாக்காமல் பக்கத்திலிருந்த பொது ஸ்நானக் கூடத்தின் நீரைச் சுடவைக்கப் பிரயோகித்ததில்தான் ஷோர்டிச்சாரின் சாமர்த்தியம் விளங்கியது. 1897 ஜூன் மாதத்தில் அந்நிலையத்தைத் திறந்துவைக்க வந்தவர், பௌதிக சாஸ்திர உலகில் அக்காலத்தில் ஒப்பாரின்றித் திகழ்ந்த கெல்வின் பிரபு. புழுதியிலிருந்து ஒளியும் சக்தியும் என்று பொருள்படும் லத்தீன் வாசகத்தை முகப்பிலே பொறித்தார்கள்; புகைபோக்கி கக்கிய புகையைப் பற்றி அவ்வாசகம் மௌனம் சாதித்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

கட்டடம் இன்றும் நிற்கிறது. மின்னாக்கக் கூடம், எரிகூடம் என்ற பழைய பெயர்கள் மாறாமலிருக்க, அவற்றினுள்ளே சர்க்கஸ் வித்தை பயிலும் மாணவர்கள் அந்தரத்தில் ஊசலாடிக் கொண்டிருக்கிறார்கள்.