சித்தன்னவாசல் பாறையும் ரேடான் காற்றும்

சில வருஷம் முன்னாடி சித்தன்னவாசல் ஏழடிப்பட்டத்துக்குப் போயிருந்தோம். சமண முனிவர்களின் கற்படுக்கைகளையும் தமிழ் பிராமிக் கல்வெட்டையும் பார்த்துக்கொண்டிருந்தபோது கூட வந்த நண்பர் கேட்டார்: "கிரானைட்டில் கதிர்வீச்சு இருக்காமே, இதுல படுத்தவங்க என்ன ஆகியிருப்பாங்க?" அப்போ சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்தும் கேள்வி விடவில்லை.

பாறையில் துளியூண்டு யுரேனியம் உண்டு. கிரானைட்டில் பொதுவாகச் சற்று அதிகம். அது படிப்படியாகச் சிதைந்து ரேடியமாகும். ரேடியம் சிதைந்தால் ரேடான். நிறம், மணம் இல்லாத வாயு.

வெளிக்காற்றில் கதிரியக்கம் இருப்பதை 1901-இல் காட்டியவர்கள் எல்ஸ்டர், கைட்டல் என்ற இரண்டு ஜெர்மன் பள்ளி ஆசிரியர்கள். வெட்டவெளியில் எதிர்மின்னேற்றிய கம்பியைக் கட்டித் தொங்கவிட்டார்கள். சில மணி நேரத்தில் கம்பியே கதிரியக்கம் பெற்றது. குகைகளிலும் நிலவறைகளிலும் அது இன்னும் அதிகம். அப்படியானால் அது மண்ணுக்குள்ளிருந்துதான் வரவேண்டும்!

இப்போ நம்ம மாவட்டத்துக்கு வருவோம். மேற்கே நார்த்தாமலை, குடுமியான்மலை, திருமயம் எல்லாம் பழைய கரும்பாறை நிலம். கிழக்கே அறந்தாங்கி தாண்டினால் படிவு மண், அப்புறம் மணமேல்குடிக் கடற்கரை. அப்போ மேற்கே ரேடான் அதிகம், கிழக்கே குறைவு என்று சொல்லிவிடலாமா?

பாதிதான் சரி. ரேடானின் அரை ஆயுள் 3.8 நாள். அதற்குள் வெளியே வந்தாகணும். விரிசல் இல்லாத பாறை அதைத் தனக்குள்ளேயே பூட்டி வைத்துக்கொள்ளும். அதே பாறை சிதைந்து மண்ணானால் இடுக்கு வழியே விட்டுவிடும். மழையில் நனைந்த மண் மறுபடி அடைத்துக்கொள்ளும். கடல்நீரில் ரேடியம் மிகக் குறைவு என்பதால் கடற்காற்றில் ரேடானும் குறைவு. காற்றசையாத விடியற்காலையில் தரையோரம் தேங்கும்; வெயில் ஏறியதும் கலைந்துபோகும். ஆக, பாறை கொடுக்கிறது; எவ்வளவு நிற்கும் என்பதை மண்ணும் ஈரமும் காற்றும் முடிவு செய்கின்றன.

உலகச் சராசரியாக வெளிக்காற்றில் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 10 பெக்கரல், வீட்டுக்குள் சுமார் 40. வீட்டுக்குள் 100-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி 2009-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. புகைபிடித்தலுக்கு அடுத்து நுரையீரல் புற்றுநோய்க்கான முக்கியக் காரணங்களில் ரேடானும் ஒன்று.

நண்பருக்கு இப்போ பதில் சொல்லிவிட்டேன்: "முனிவர்களைப் பத்திக் கவலைப்படாதீங்க, ஏழடிப்பட்டம் காற்றோட்டமான திறந்த குகை. நீங்கதான் தரைத்தள அறையில் ஜன்னலைச் சாத்திக்கிட்டு ஏசி போட்டுத் தூங்குறீங்க. காலையில எழுந்ததும் கொஞ்சம் திறந்து வைங்க."