ஒரு விலைக் கடை

பூம்புகார் வணிகரின் நடுவுநிலையைப் பட்டினப்பாலை போற்றுகின்றது. அளவிலும் விலையிலும் நேர்மை தவறாமையே அவர்க்கு அணியாயிற்று என்பது அதன் கருத்து. ஆயினும் இத்தகைய நேர்மை கடைக்காரர் ஒருவரின் குணத்தையே பற்றி நிற்பது. அவருக்குப் பின்னும் அது நிலைக்குமா? அவர் கண் காணாத இடத்தில், கூலிக்கு நிற்கும் பணியாளரிடமும் அது விளங்குமா? ஒருவருடைய நற்குணத்தை ஒரு கடையின் ஒழுங்காகவே ஆக்கிவிட இயலுமா? இயலும் என்று காட்டிய துணிக்கடை ஒன்று 1673ஆம் ஆண்டில் ஜப்பான் நாட்டில் தோன்றியது. அதன் வரலாறு கடை நடத்துவோர் யாவரும் அறியத்தக்கது.

அக்கடையின் பெயர் எச்சிகோயா. அதனைக் கண்டவர் மித்சுயி தகதோஷி என்பவர் (1622-1694). மத்சுசகா என்னும் ஊரில் அவர் குடும்பம் மதுவும் மிசோவும் விற்று, அடகுக்கடையும் நடத்தி வந்தது. அவ்வாணிகத்தைத் திறம்பட நடத்தியவர் அவருடைய அன்னையார் ஷுஹோ. தகதோஷி தம் பதினான்காம் அகவையில், இன்று தோக்கியோ எனப்படும் எடோ நகரம் சென்று, தமையனாரின் துணிக்கடையில் தொழில் பயின்றார். பின்னர் அன்னையாரைப் பேணுதற்பொருட்டு ஊர் திரும்பினார். எடோவில் தாமே ஒரு கடை வைக்கவேண்டும் என்னும் அவா நிறைவேற அவர் இருபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க நேர்ந்தது. 1673இல் தமையனார் மறைந்த பின்னரே அவர் கடை திறந்தார். அப்போது அவருக்கு அகவை ஐம்பதைக் கடந்திருந்தது. கடையின் முகப்போ ஒன்பது அடி அளவே. தாம் மத்சுசகாவிலேயே இருந்துகொண்டு, தம் மக்களைக் கொண்டு எடோவில் விற்பனையையும், பட்டு நெசவுக்குப் பேர்பெற்ற கியோத்தோவில் கொள்முதலையும் நடத்தினார்.

அந்நாளில் எடோவின் பெரிய துணி வணிகர் பிரபுக்களின் மாளிகைகளுக்குப் பட்டை எடுத்துச் சென்று காட்டி விற்றனர். பணம் கைக்கு வருவது ஆண்டுக்கு இருமுறை, அல்லது ஆண்டு முடிவில் ஒரே முறை. அதுவரை முடங்கிக் கிடக்கும் முதலுக்கு வட்டியும், வாராமற்போகும் கடனுக்கு ஈடும் விலையிலேயே ஏற்றப்பட்டன. கேட்பவரின் முகம் பார்த்து விலை சொல்வதும் வழக்கம். ஆகவே பேரம் அறியாத எளியவர் மிகுதியாகக் கொடுத்தார். துணியும் முழுச் சுருளாகவே விற்கப்பட்டமையால், சிறு துண்டு வேண்டுவோர்க்கு அக்கடைகளில் இடமில்லை.

தகதோஷி இவையனைத்தையும் மாற்றினார். கடைக்கு வருவோர்க்கே விற்பனை, ரொக்கம் மட்டுமே, விலை ஒன்றே, வேண்டிய அளவு எதுவாயினும் வெட்டித் தரப்படும். 1683இல் கடை சுருகாச்சோ என்னும் பகுதிக்கு மாறியபோது இந்நெறியை அச்சிட்ட துண்டறிக்கைகளால் நகரெங்கும் அறிவித்தார். ஏற்றிச் சொல்லும் விலை இங்கில்லை. ஆதலின் குறைத்துக் கேட்பதும் இல்லை என்பதே அதன் சாரம்.

இஃது அறத்தின்பாற்பட்டது மட்டுமன்று. தெளிந்த கணக்கும் ஆகும். பணம் அன்றே கைக்கு வந்தமையால் அதே முதல் ஓராண்டில் பலமுறை சுழன்றது. வாராக் கடன் இல்லை. வட்டிச் சுமை இல்லை. ஆதலின் விலையைக் குறைக்க முடிந்தது. விலை குறையவே கூட்டம் பெருகிற்று. ஒவ்வொரு துண்டிலும் இலாபம் சிறிதாயினும் மொத்தம் பெரிதாயிற்று. விலை ஒன்றே என்று ஆனபின், பணியாளர் முகம் பார்த்து விலை சொல்லவேண்டிய தேவையும் ஒழிந்தது. புதிதாய் வந்த சிறுவனும் முதலாளியைப் போன்றே நேர்மையாக விற்க முடிந்தது.

இஹரா சைகாகு என்னும் எழுத்தாளர் 1688இல் வெளியிட்ட தம் நூலில் இக்கடையைப் பற்றி எழுதியுள்ளார். நாற்பதுக்கு மேற்பட்ட பணியாளர் ஆளுக்கு ஒருவகைத் துணியாகப் பொறுப்பேற்றிருந்தனர் என்றும், அவசரமாக ஆடை வேண்டுவோர்க்கு அங்கேயே தைத்துக் கொடுத்தனர் என்றும், நாள் ஒன்றுக்குச் சராசரி 150 ரியோ பொன் விற்பனையாயிற்று என்றும் அவர் கூறுகின்றார். பின்னாளில் மழையில் அகப்பட்ட வாடிக்கையாளர்க்குக் கடையின் குறி பொறித்த குடைகளை இரவல் தரும் வழக்கமும் ஏற்பட்டது. நனையாமல் வீடு சேர்ந்தவர் கையில் கடையின் பெயரும் தெருவெங்கும் உலா வந்தது.

இவ்வெற்றி எளிதில் வந்ததன்று. பழைய கடைக்காரர்கள் வெகுண்டெழுந்து எச்சிகோயாவோடு கொடுக்கல் வாங்கலை நிறுத்தினர். பலவகை இடையூறும் விளைத்தனர். நகரில் மூண்ட பெருந்தீயில் முதற்கடை எரிந்தும் போயிற்று. தகதோஷியோ தம் நெறியை விட்டாரல்லர். புதிய இடத்தில் மீண்டும் கடை எழுந்தது. 1687இல் ஆட்சித் தலைவரான ஷோகனின் மாளிகைக்கே துணி அளிக்கும் பேறும் கிட்டிற்று. அவ்வழி வந்த கடையே 1904இல் மித்சுகோஷி என்னும் பெயரில் பெருங்கடை நிறுவனமாக வளர்ந்தது.

இந்நெறியிலும் ஒரு குறை உண்டு. கையில் காசில்லாதவர்க்கு அக்கடையில் இடமில்லை. மாதக் கடைசியில் பற்றுக் கணக்கில் அரிசி தந்து ஒரு குடும்பத்தைக் காக்கும் தெருமுனைக் கடைக்காரரின் அன்பை ரொக்கக் கடை தர இயலாது. ஆயினும் அவ்வன்புக்கும் ஒரு விலை உண்டு என்பதையும், அதனைப் பெரும்பாலும் ஒழுங்காகக் கடன் தீர்ப்பவரே செலுத்துகின்றனர் என்பதையும் தகதோஷி உணர்த்தினார். கடன் தருவதாயினும் அது விலையில் ஒளிந்திராமல் கணக்கில் வெளிப்படையாக நிற்பதே நேர்மை.

நம்மவர் பலர் பிறந்த ஊரை விட்டு வந்து, மொழி அறியாத தெருவில் சிறு கடை வைத்து உயர்ந்தவர். புதிய ஊரில் கடைக்காரரின் குலமும் பெயரும் யார்க்கும் தெரியா. அவர் சொல்லும் விலை ஒன்றே அவரை அறிமுகப்படுத்துகின்றது. நேற்று வந்தவர்க்கும் இன்று வந்தவர்க்கும், பெரியவர்க்கும் சிறுவர்க்கும் அவ்விலை ஒன்றாயின், நாளை கடையில் வேறொருவர் அமர்ந்திருந்தாலும் வாடிக்கையாளர் ஐயமின்றிப் படியேறுவர். ஒன்பது அடி முகப்புக் கடை ஒன்று உலகிற்கு உணர்த்திய உண்மை இதுவே.