நிக்கல் கார்பனைல்

ஒரு நிக்கல் அணுவோடு நான்கு கார்பன் மோனாக்சைடு மூலக்கூறுகள் பிணைந்த சேர்மம். நிறமற்ற நீர்மம், 43 டிகிரி செல்சியசிலேயே கொதிக்கும். 2003 மே 31 அன்று சென்னை வெயில் 45 டிகிரியைத் தொட்டது. அப்படியொரு நண்பகலில் சென்னையை அடுத்த தண்டலத்துத் தொழிற்கூடத்தில் இது குளிரூட்டாமல் கிடந்தால், யாரும் சூடேற்றாமலே கொதித்துவிடும். எளிதில் தீப்பற்றும் இதன் ஆவி காற்றைவிட ஏறத்தாழ 6 மடங்கு கனமானது. தரையை ஒட்டிப் பரவும்.

வேதியியலாளர் லுட்விக் மாண்டின் இங்கிலாந்து ஆலையில் நிக்கல் வால்வுகள் அரித்துப்போயின. காரணம் தேடிய ஆய்வின் தொடர்ச்சியாக, 1890இல் மாண்ட், கார்ல் லாங்கர், ஃபிரீட்ரிக் குயின்கே மூவரும் இச்சேர்மத்தை அறிவித்தனர். சுமார் 50 டிகிரியில் கார்பன் மோனாக்சைடு நிக்கலை ஆவியாக்கிக் கொண்டுபோகிறது. 200 டிகிரிக்கு மேல் அதே ஆவி சிதைந்து தூய நிக்கலாகப் படிகிறது. இந்த முறையில் வேல்ஸின் கிளைடாக் ஆலை 1902இல் உற்பத்தியைத் தொடங்கியது. தொடக்க நாள்களிலேயே அங்கே தொழிலாளர்கள் நச்சுக்குப் பலியாயினர்.

இந்த நஞ்சின் கொடுமை அதன் தாமதத்தில் இருக்கிறது. முதலில் தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு. வெளிக்காற்றுக்கு வந்ததும் தணிந்துவிடும். ஆள் வீட்டுக்குப் போய்விடுவார். அரை நாளோ ஒன்றரை நாளோ கழித்து நெஞ்சு இறுகி, இருமலும் மூச்சுத்திணறலும் வரும், நுரையீரல் வீங்கும். 1953இல் டெக்சாஸின் போர்ட் ஆர்தர் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இந்த ஆவியைச் சுவாசித்தனர், இருவர் இறந்தனர்.

வாங்கி வைக்காத இடத்திலும் இது பிறக்கும். மணலி, தூத்துக்குடி போன்ற இடங்களின் அம்மோனியா ஆலைகளில், எஞ்சிய கார்பன் மோனாக்சைடை மீத்தேனாக மாற்றும் மெத்தனேட்டரில் நிக்கல் வினையூக்கிதான் இருக்கும். சுமார் 300 டிகிரியில் ஓடும்வரை கவலையில்லை. ஷட்டவுனில் வெப்பம் 200 டிகிரிக்குக் கீழே இறங்கும்போது கார்பன் மோனாக்சைடு உள்ளே தங்கியிருந்தால் கார்பனைல் உருவாகும். ஆகவே அதற்கு முன்பே அந்த வாயுவை நிறுத்தி, நைட்ரஜன் செலுத்தி வெளியேற்றியாக வேண்டும்.

இந்தியத் தொழிற்சாலைகள் சட்டத்தின் அட்டவணை காற்றில் அனுமதித்தது பத்து லட்சத்தில் 0.05 பங்கு; அமெரிக்க வரம்பு 0.001. நம்முடையது மிகத் தாராளமாக இருந்தது. புகைக்கரி போன்ற வாடையோ ஏறத்தாழ 1 பங்குக்கு அருகில்தான் மூக்குக்கு எட்டும். அதை நம்பி வேலை செய்யக் கூடாது. ஆவி பட்டவர் நலமாக உணர்ந்தாலும் சிறுநீரில் நிக்கல் அளவைச் சோதித்து, மருத்துவமனையிலேயே கண்காணிக்க வேண்டும்.