ஜோடாசாங்கோவின் ஞாயிற்றுக்கிழமை: வீட்டுக் கல்வியின் வார அட்டவணை குறித்துச் சில வரலாற்றுக் குறிப்புகள்

பத்து வயதைக் கடந்த பிள்ளைக்கு வீட்டிலேயே பாடம் நடத்த முற்படும் பெற்றோர் முதலில் எதிர்கொள்ளும் கேள்வி எளியது: வரும் வாரத்தை எப்படிப் பங்கிடுவது? எந்தப் பாடத்துக்கு எந்த நாள், எத்தனை மணி நேரம்? இது பெருநகர நடுத்தர வர்க்கத்தின் அண்மைக்காலக் கவலை என்றே பலரும் கருதுகின்றனர். அக்கருத்து வரலாற்றுக்குப் பொருந்தாது. 1822-இல் தாமஸ் மன்றோ ஆணையிட்ட கல்விக் கணக்கெடுப்பில், சென்னை நகரில் பள்ளிகளில் பயின்றோர் ஏறத்தாழ 5,500 பேர். தத்தம் வீடுகளில் பயின்றோராகச் சொல்லப்பட்டோரின் எண்ணிக்கையோ 26,000-ஐத் தாண்டியது. அவ்வெண்ணை மன்றோவே ஐயுற்றார். எனினும் 1830-களில் வங்காளத்தை ஆராய்ந்த வில்லியம் ஆடமும் வீட்டுக் கல்வியைத் தனி வகையாகவே கணக்கிட வேண்டியிருந்தது.

இவ்வாவணங்கள் தலைகளை எண்ணுகின்றன. ஒரு பிள்ளையின் வாரம் எப்படிக் கழிந்தது என்பதைச் சொல்வதில்லை. அதற்குத் தன்வரலாறுகளையே நாட வேண்டும். அவ்வகையில் மிகச் செறிவான சான்று தாகூர் குடும்பத்தினுடையது. ரவீந்திரநாதரின் ‘ஜீவன்ஸ்மிருதி’யிலும் அவர் மகன் ரதீந்திரநாதரின் நினைவுக் குறிப்புகளிலும் ஒரே குடும்பத்தின் வீட்டுப் பாடங்களைத் தலைமுறை கடந்து காண முடிகிறது.

அதற்கு முன் ஒரு சொல். ‘வார அட்டவணை’ என்பதே இங்கு ஒப்பீட்டளவில் புதியது. மரபான பாடசாலைகளின் விடுமுறை திதியைச் சார்ந்திருந்தது. அமாவாசை, பௌர்ணமி, அட்டமி, சதுர்த்தசி ஆகியவை அநத்தியயன நாள்கள். நம் திண்ணைப் பள்ளிகளில் இத்தகைய விடுமுறைக்கு ‘வாவு’ என்று பெயர். ஞாயிறு ஓய்வுநாளானது காலனிய அலுவலகத்தோடும் பள்ளியோடும் வந்த வழக்கம். ஆகவே, வீட்டில் ஏழு நாள் அட்டவணை வகுக்கும் ஒருவர், தாம் விலகி வந்த பள்ளியின் காலக்கணக்கையே வீட்டுக்குள் கொண்டுவருகிறார்.

கொல்கத்தாவின் ஜோடாசாங்கோ மாளிகையில் 1870-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நடந்தது இதன் உச்ச வடிவம். ரவீந்திரநாதர் அப்போது நார்மல் பள்ளியில் பயின்றுகொண்டிருந்தார். ஆயினும் பள்ளிக் கல்வி போதாது எனக் கருதிய மூத்த சகோதரர் ஹேமேந்திரநாதர், நாள் முழுவதையும் பாடங்களால் நிரப்பினார். விடியுமுன் பார்வையற்ற மல்லர் ஒருவரிடம் மற்பயிற்சி. உடலில் ஒட்டிய மண்ணோடு சட்டையை மாட்டிக்கொண்டு, காலை ஆறு மணி முதல் ஒன்பதரை வரை நீலகமல் கோஷாலிடம் இலக்கியம், கணிதம், வரலாறு, புவியியல். பள்ளி விட்டு வந்ததும் ஓவிய ஆசிரியரும் உடற்பயிற்சி ஆசிரியரும் காத்திருப்பர். இரவில் விளக்கொளியில் அகோர் பாபுவிடம் ஆங்கிலம். இடையே மருத்துவ மாணவர் ஒருவரிடம் எலும்பியல். அதற்கென ஓர் எலும்புக்கூடே படிப்பறையில் தொங்கியது. ஞாயிற்றுக்கும் விலக்கில்லை: அன்று காலை இசைப் பயிற்சி, பெரும்பாலான வாரங்களில் அறிவியல் செய்முறை விளக்கமும் உண்டு.

இவ்வட்டவணையில் பயிற்றுமொழி வங்காளமாக இருந்தது. ஆங்கிலம் உயர்வெனக் கொள்ளப்பட்ட காலத்தில் ஹேமேந்திரநாதர் எடுத்த அம்முடிவுக்கு ரவீந்திரநாதர் பிற்காலத்தில் மனமார நன்றி பாராட்டினார். ஆனால் அடைமழை நாளிலும் அகோர் பாபுவின் கறுப்புக் குடை தெருமுனையில் தோன்றக் கண்டு சிறுவனின் நெஞ்சு இடிந்ததையும் அவரே பதிவு செய்கிறார். அதே சிறுவன் ஞாயிற்றுக்கிழமை செய்முறை விளக்கத்துக்காக ஏங்கிக் காத்திருந்தான். கண்ணாடிக் கலத்தில் மரத்தூள் கலந்த நீரைச் சூடேற்றினால் கீழ்நீர் மேலெழுவதும் மேல்நீர் கீழிறங்குவதும் கண்ணுக்குத் தெரியும். அவ்வியப்பு அவரை இறுதிவரை விட்டு நீங்கவில்லை. அவருக்குச் சுமையாகத் தோன்றியது பாடங்களின் எண்ணிக்கை மட்டுமன்று. அவ்வாரத்தில் அவர் தாமே தீர்மானிக்கத்தக்க ஒரு மணி நேரமும் இல்லை.

1873-இல் உபநயனம் முடிந்தபின் தந்தை தேவேந்திரநாதர் பதினொரு வயது மகனை இமயத்துக்கு அழைத்துச் சென்றார். அங்கும் பாடங்கள் உண்டு. டல்ஹவுசிக்கு அருகே பக்ரோட்டா மலையில், இருள் பிரியுமுன் எழுப்பப்பட்டுச் சமஸ்கிருத வேற்றுமை உருபுகளை மனனம் செய்ய வேண்டும். பின்னர் உலா, ஆங்கிலம், குளிர்நீர்க் குளியல். மாலையில் விண்மீன்களை இனங்காட்டித் தந்தை வானியல் கற்பித்தார். பிற்பகல் பாடத்தில் சிறுவன் உறங்கி விழுந்தால் அவ்வேளை விடுவிக்கப்பட்டது. ஊன்றுகோலோடு மலைச்சரிவுகளில் தனியே சுற்றவும் தடையில்லை. சில்லறைக் காசைக் கொடுத்துக் கணக்கு வைக்கச் சொன்னார். விலையுயர்ந்த தம் பொற்கடிகாரத்துக்கு நாள்தோறும் சாவி கொடுக்கும் பொறுப்பையும் ஒப்படைத்தார். மகனின் மிகை ஆர்வத்தால் கடிகாரம் பழுதாகிக் கொல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டது. தந்தை கடிந்துகொள்ளவில்லை.

வளர்ந்த பிள்ளைக்கான பாடத்திட்டம் சிறு பிள்ளையின் திட்டத்திலிருந்து எங்கே வேறுபட வேண்டும் என்பதை இவ்விரு காட்சிகளின் ஒப்பீடு தெளிவாக்குகிறது. பாடங்களைக் கூட்டுவதால் அவ்வேறுபாடு உண்டாவதில்லை. வாரத்தின் ஒரு பகுதியைப் பிள்ளையின் பொறுப்பிலேயே விட்டு, அதில் நேரும் பழுதையும் ஏற்பதில்தான் அது இருக்கிறது.

பெற்றோரின் கொள்கை உறுதியே வாரத்தை நிரப்பிவிடும் ஆபத்தும் உண்டு. ஜோகன்னஸ்பர்க் அருகே 1910-இல் தொடங்கிய டால்ஸ்டாய் பண்ணையில் காந்தி காலை வேளையை உடலுழைப்புக்கும் பிற்பகலை வகுப்புக்கும் ஒதுக்கினார். உழைத்துக் களைத்த பிள்ளைகளும் ஆசிரியரும் வகுப்பில் கண்ணயர்ந்ததை அவரே எழுதுகிறார். முறையான கல்வி கிட்டவில்லை என்ற மனக்குறையோடு மூத்த மகன் ஹரிலால் 1911-இல் இந்தியா திரும்பினார். தம் பிள்ளைகளின் அக்குறையைக் காந்தி தன்வரலாற்றில் மறைக்கவில்லை. தம் முடிவுக்காக வருந்தவுமில்லை.

மீண்டும் தாகூர் குடும்பத்துக்கு வருவோம். 1890-களின் இறுதியில் ரவீந்திரநாதர் குடும்பத்தோடு பத்மா நதியை ஒட்டிய ஷிலைதாவில் குடியேறித் தம் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே கல்வி அளித்தார். கணிதத்துக்கு ஜகதானந்த ராய், ஆங்கிலத்துக்குப் பட்டுப்புழு வளர்ப்பில் மூழ்கிக் கிடந்த லாரன்ஸ் என்னும் ஆங்கிலேயர், சமஸ்கிருதத்துக்கு ஒரு பண்டிதர். நதியும் படகும் திறந்தவெளியும் பாடத்தின் பகுதியாயின. ஜோடாசாங்கோவின் இறுக்கத்துக்கு அவர் அளித்த மறுமொழி இது எனலாம்.

1901-இல் அவ்வீட்டுப் பள்ளி முடிவுற்றது. அவ்வாண்டு டிசம்பரில் சாந்திநிகேதனில் தொடங்கிய பள்ளியின் முதல் மாணவர் சிலருள் ரதீந்திரநாதர் ஒருவர். அதே ஆண்டில், சில மாதங்களுக்கு முன், மூத்த மகள் மாதுரிலதாவுக்குப் பதினான்கு வயதிலும், இரண்டாம் மகள் ரேணுகாவுக்குப் பத்து வயதிலும் திருமணம் நடந்தது. ரேணுகா 1903-இல் நோயுற்று மறைந்தார். நவீன இந்தியாவின் மிக முற்போக்கான கல்விச் சோதனை தொடங்கிய ஆண்டே, அதை வகுத்தவரின் வீட்டில் ஒரு சிறுமியின் பாட வேளைகள் முடிவுற்ற ஆண்டு.

வீட்டுக் கல்வியின் வரலாற்றை எழுதுவோர் இவ்விடத்தில் நின்று யோசிக்க வேண்டும். வீட்டின் அட்டவணை நெகிழ்வானது என்கிறோம். ஆனால் அது வீட்டின் அதிகார அமைப்புக்கும் உட்பட்டது; நேரத்தை வழங்கும் கையே அதைத் திரும்பப் பெறவும் வல்லது. 6 முதல் 14 வயது வரையான கல்வியை 2009-ஆம் ஆண்டுச் சட்டம் பிள்ளையின் உரிமையாக வைத்ததன் நியாயத்தை இங்கிருந்தே புரிந்துகொள்ளலாம். வீட்டில் கற்பிக்க விழையும் பெற்றோரும் அந்த நியாயத்துக்கு விடை சொல்லக் கடமைப்பட்டவர்களே.

ஜோடாசாங்கோவின் வாரம் நமக்குத் தெரிகிறது. அதை வாழ்ந்த சிறுவன் பின்னாளில் எழுதினான். ரேணுகாவின் ஷிலைதா வாரத்தை அவர் சொற்களில் நாம் அறிய வழியில்லை. அட்டவணைகளைப் பெரியோர் வகுக்கின்றனர். அவை எப்படிக் கழிந்தன என்பதைப் பிள்ளைகளே அறிவர். ஆதலால், வளர்ந்த பிள்ளைக்கு வாரப் பாடம் வகுப்போர் சனிக்கிழமை மாலையில் ஒரு வெற்றுத்தாளைப் பிள்ளையிடமே கொடுத்து, அவ்வாரம் எப்படிக் கழிந்தது என எழுதச் சொல்லலாம். அடுத்த வாரத்துக்கான திட்டத்தை அதைப் படித்தபின் வகுத்தால் போதும்.