அட்வான்ஸ் வாங்கினால் அடிமையா? கொத்தடிமை மீட்பு முதல் தண்டனை வரை... சட்டம் சொல்வது என்ன?

2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களில் இருந்து 42 பேர் மீட்கப்பட்டார்கள். மீட்க வந்த அதிகாரியின் காலில் முதியவர் ஒருவர் விழுந்த படம் அப்போது நாடு முழுக்கப் பரவியது. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் வந்து 40 வருஷத்துக்கு மேல் ஆன பிறகு நடந்தது இது.

மீட்டதும் எல்லாம் முடிந்துவிடுமா? இல்லை. அதற்கு அப்புறம்தான் முக்கியமான வேலையே இருக்கிறது. அது என்னன்னு பார்க்கலாம்.

யார் கொத்தடிமை?

சங்கிலியில் கட்டிப்போட்டிருந்தால்தான் கொத்தடிமை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. வாங்கிய முன்பணத்துக்காக ஒருவர் உழைக்கிறார். அதைக் காரணம் காட்டி வேறு வேலைக்குப் போகவோ, வெளியே போய்வரவோ விடவில்லை. அல்லது குறைந்தபட்சக் கூலி தரவில்லை. இதில் ஏதாவது ஒன்று இருந்தாலே போதும், 1976-ம் ஆண்டுச் சட்டப்படி அது கொத்தடிமை முறைதான்.

செங்கல் சூளை, அரிசி ஆலை, கல்குவாரி, மரம் வெட்டும் இடம் என்று இது நடக்கும் இடங்கள் பல. தமிழ்நாட்டில் இதில் அதிகம் சிக்குகிறவர்கள் இருளர் பழங்குடி மக்கள். ஒடிசாவில் இருந்து குடும்பத்தோடு சூளை வேலைக்கு அழைத்து வரப்படுகிறவர்களும் உண்டு.

"வாங்கின காசைக் கொடுத்துட்டுப் போ"ன்னு சொல்ல முடியுமா?

முடியாது. கொத்தடிமைக் கடன் சட்டப்படி ரத்தாகிவிட்டது. ரத்தான கடனுக்காக முதலாளி ஒரு ரூபாய் வாங்கினாலும் 3 ஆண்டு வரை சிறை உண்டு. அது கொத்தடிமைக் கடன் இல்லை என்றால், அதை நிரூபிக்க வேண்டியது கடன் கொடுத்தவர்தான், தொழிலாளி இல்லை. 1983-ல் ஹரியானா கல்குவாரி தொழிலாளர் வழக்கிலும் உச்ச நீதிமன்றம், கட்டாய உழைப்பு இருந்தால் பின்னால் முன்பணம் இருப்பதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்றது.

என்ன தண்டனை?

1976 சட்டத்தில் 3 ஆண்டு வரை சிறை, ரூ.2,000 வரை அபராதம். இது மட்டும் என்றால் குறைவுதான். ஆனால் ஏமாற்றியோ, மிரட்டியோ, ஆசைகாட்டியோ அழைத்து வந்து சுரண்டினால் அது ஆட்கடத்தல். பாரதிய நியாய சன்ஹிதா 143-வது பிரிவில் ஒருவரைக் கடத்தினால் 7 முதல் 10 ஆண்டு சிறை. ஒருவருக்கு மேல் என்றால் 10 ஆண்டில் தொடங்கி ஆயுள் வரை. பாதிக்கப்பட்டவர் பட்டியலினத்தவர் அல்லது பழங்குடி என்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேரும். எஃப்.ஐ.ஆரில் எந்தப் பிரிவு போடுகிறார்கள் என்பதைக் கவனிக்கச் சொல்வது இதனால்தான்.

அந்த ஒரு காகிதம்

மீட்கப்பட்டவருக்கு விடுவிப்புச் சான்றிதழ் தர வேண்டும். கடன் ரத்தானதற்கும், அரசு உதவிக்கும் இதுதான் ஆதாரம். இது இல்லாமல் ஊருக்கு அனுப்பிவிட்டால், அதே தரகர் அடுத்த மாதம் வாசலில் வந்து நிற்பார்.

மத்திய அரசின் மறுவாழ்வுத் திட்டப்படி உடனடி உதவி ரூ.30,000 வரை. இதற்கு வழக்கு முடியும் வரை காத்திருக்கத் தேவையில்லை. முழு உதவி இப்படி:

• ஆண்களுக்கு ரூ.1 லட்சம்
• பெண்கள், குழந்தைகளுக்கு ரூ.2 லட்சம்
• பாலியல் சுரண்டலில் இருந்து மீட்கப்பட்ட பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள், திருநர்களுக்கு ரூ.3 லட்சம்

ஆனால் இந்த முழுத்தொகை கடைசியாகக் கைக்கு வருவது நீதிமன்ற நடவடிக்கையோடு கட்டப்பட்டிருக்கிறது. சிக்கலே இங்கேதான்.

வழக்கு எங்கே சறுக்குகிறது?

முன்பணம் பெரும்பாலும் வாய்வார்த்தைதான், எழுத்து இருக்காது. வழக்கு இழுக்கும். கூலிக்காக ஊர் ஊராகப் போகிறவர் சாட்சி சொல்லத் திரும்பி வருவது கஷ்டம். அதற்குள் மிரட்டலோ, சமரசப் பேச்சோ வரும். சாட்சி பிறழ்ந்தால் வழக்கும் போச்சு, உதவியும் தள்ளிப்போகும்.

வழி இல்லாமல் இல்லை. சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்துக்கு உச்ச நீதிமன்றம் 2018-லேயே ஒப்புதல் தந்துவிட்டது. சொந்த ஊரில் இருந்தபடி வீடியோ மூலம் சாட்சி சொல்லவும் இப்போது சட்டத்தில் இடம் இருக்கிறது. மீட்ட அன்றே வாக்குமூலம், கூலிக் கணக்கு, தரகரின் போன் விவரம் எல்லாவற்றையும் பதிவு செய்துவிட்டால் வழக்கு நிற்கும்.

யாரிடம் சொல்வது?

மாவட்ட ஆட்சியர் அல்லது கோட்டாட்சியரிடம் புகார் தரலாம். பாதிக்கப்பட்டவரே வர வேண்டும் என்று இல்லை, அக்கம்பக்கத்தில் பார்த்த நீங்களும் சொல்லலாம். அவசரம் என்றால் 112, குழந்தைகள் இருந்தால் 1098, இலவச சட்ட உதவிக்கு 15100. உங்கள் ஊர்ச் சூளையிலோ ஆலையிலோ ஒரு குடும்பம் சந்தைக்குக்கூட வெளியே வராமல் இருந்தால், ஒரு போன் போடுங்கள்.